பாக்யாவின் முட்டு

பெண்கள் விடுதிப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் முதலில் ஆண்டவருடைய பெயரால் தோத்திரம். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதியில் தலை நரைக்கும்வரை வார்டனாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். சாவிக்கொத்து எங்கே தொங்க வேண்டும், தண்ணீர் லாரிக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் நீங்களே ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வீர்கள். அதைச் சொல்ல நான் வரவில்லை. ஓடுகிற ஒரு பெண்ணின் எலும்பைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஆனால் எலும்புக்குப் போகும் வழியில் ஒரு சொல் குறுக்கே படுத்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஓட்டக்காரப் பெண்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பாக்யா தளிக்கும் மேலே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு ஊர்க்காரி. ஒல்லியான உடம்பு, நீளமான கால். சானமாவுப் பக்கம் யானை நடமாட்டம் என்று வனத்துறை சொன்னபோது, "யானை வந்தாலும் இவளைப் பிடிக்க முடியாது, நாமதான் மாட்டுவோம்" என்று எங்கள் மாஸ்டர் சொல்லுவார். மாஸ்டர் என்றால் ஓட்டம் பழக்குகிறவர், சேலத்துக்காரர். அந்த வருஷம் கம்பெனிகளுக்கிடையே நடக்கும் மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் கோப்பை வாங்கினால் பாக்யாவுக்கு வேலை நிரந்தரம் என்று எச்.ஆர். சார் வாய்விட்டே சொல்லியிருந்தார். அவள் அப்போது வெறும் டிரெயினி. வருஷம் முடிந்தால் பையைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் மாப்பிள்ளையையும் பார்த்து வைத்திருந்தார்கள், அவளைவிட ரொம்ப மூத்தவர். அதனால் அந்த ஓட்டம் அவளுக்கு வெறும் ஓட்டம் இல்லை.

பாக்யா கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் புரியும், பேசக் கூச்சம். நான் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரருக்கு இங்கே வேலை கிடைத்ததால் வந்தவள். எனக்குத் தெரிந்த கன்னடம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போதும். ஆனால் எனக்குக் கன்னடம் நன்றாக வரும் என்று ஒரு நினைப்பு இருந்தது. நடந்த அத்தனைக்கும் அந்த நினைப்புதான் காரணம்.

தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலைப் பயிற்சி முடிந்து பாக்யா காலை இழுத்து இழுத்துப் படியேறினாள். அறைக்குள் கூப்பிட்டேன்.

"என்னட்டி ஆச்சு?"

"காலு நோவு, அம்மா." கதவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஆமேலே... நங்கே முட்டு நிந்தோகிதே."

எங்கள் ஊரில் முழங்காலுக்கு முட்டு என்றுதான் பெயர். முட்டு நின்றுபோயிற்று என்கிறாள், அதாவது முழங்கால் மடங்காமல் பிடித்துக்கொண்டது. எனக்கா கன்னடம் தெரியாது!

"எத்தனை நாளா?"

"ஐது திங்களிந்த."

திங்கட்கிழமை, ஐந்து மணிப் பயிற்சியில் பிடித்துக்கொண்டது. சரிதான், இரண்டு நாள் ஆகியிருக்கிறது. "ஒண்ணும் பயப்படாத. அம்மா பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். ஒரு முழங்காலுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே ஆச்சரியம்.

பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. நல்லெண்ணெய் காய்ச்சி முழங்காலில் தேய்த்தேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். மெடிக்கலில் இழுத்து மாட்டுகிற முட்டுப்பட்டை வாங்கி வந்தேன். நான் முழங்காலில் மாட்டுவேன், அவள் கெண்டைக்காலுக்கு இறக்குவாள். நான் மறுபடி ஏற்றுவேன். "மேல இருக்கணும்ட்டி, அப்பதான் முட்டு அசையும்" என்பேன். அவள் முகம் சிவந்துபோகும்.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் மைதானத்தில் எல்லோருக்கும் நடுவில் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"பாக்யா! முட்டு எப்படி இருக்கு? ஏதாவது அசைவு தெரியுதா?"

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, நொண்டியபடியே விடுதி வரைக்கும் ஓடினாள்.

"பாத்தீங்களா மேடம்? கேட்டதுமே எப்படி ஓடறா பாருங்க! முக்கால்வாசி சரியாயிடுச்சு" என்றார் மாஸ்டர்.

எச்.ஆர். சார் நல்ல மனுஷர், சென்னைக்காரர். எதையும் மைக்கில் சொன்னால்தான் அவருக்கு நிறைவு. ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் கூடி நிற்கும்போது முழங்கினார்:

"நம்ம பாக்யாவுக்கு முட்டு நின்னுடுச்சுன்னு கேள்விப்பட்டு நிர்வாகம் ரொம்ப வருத்தப்படுது. பாக்யாவோட முட்டு இனிமே அவங்க முட்டு மட்டும் இல்ல. இது நம்ம கம்பெனியோட முட்டு!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. கன்னடப் பிள்ளைகள் சிலர் மட்டும் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். "ஒருத்தி வேதனையில சிரிப்பா? ஆண்டவர் பாத்துக்கிட்டிருக்கார்" என்று அவர்களைக் கண்டித்தேன். ஆண்டவர் நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார், பாவம்.

மறுநாள் வாசலில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பாக்யா ஓடுகிற படம், கீழே பெரிய எழுத்தில், "விரைவில் முட்டு சரியாகி வெற்றிக்கோப்பையுடன் திரும்ப வாழ்த்தும் பேக்கிங் பிரிவு நண்பர்கள்." அதைப் பார்த்த நாளிலிருந்து அவள் பின்கேட் வழியாகத்தான் வேலைக்குப் போனாள். என்னிடம் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

நான் மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். காணிக்கைக் கடையில் வெள்ளி முட்டு கேட்டேன். "முட்டு மட்டும் தனியா வராதும்மா. முழுக்கால்தான் வரும்" என்றார் கடைக்காரர். சரி, அதிகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முழுக்காலாக வாங்கிப் பீரோவில் வைத்தேன். சுகமானதும் செலுத்துவதாகப் பேச்சு.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்யா விரதம் இருந்தாள். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் அவள் ஊர் மாரம்மாவுக்கு, சனி பெருமாளுக்கு. வெள்ளிக்கிழமை நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதைப் பார்த்து அதிலும் சேர்ந்துகொண்டாள். மிச்ச நாளில், "உடம்பு லேசா இருந்தாத்தான் காத்து மாதிரி போகலாம், அந்தக் களியை விடு" என்று மாஸ்டர் சொன்னதற்காகப் பாதித் தட்டு. பிறந்ததிலிருந்து ராகிக் களி தின்று வளர்ந்தவள், அதைத் தொடுவதையே நிறுத்தியிருந்தாள். "இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா" என்று நான் கோயிலில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை வரை முட்டு இளகவில்லை. ஆனேக்கல் தாண்டி ஒரு கிராமத்தில் எலும்பு கட்டுகிற பெரியவர் இருக்கிறார், இழுத்தாரென்றால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்றார்கள். பாக்யாவைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் கையுடைந்தவர்கள், கால் பிசகியவர்கள் என்று நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தது. என் கன்னடத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"ஸ்வாமி, ஈ ஹுடுகிகே முட்டு நிந்தோகிதே. பானுவார ஓட்ட இதே. நீவு கை ஹாக்கி எளெதுபிடி!"

இந்தப் பெண்ணுக்கு முட்டு நின்றுவிட்டது, ஞாயிறு ஓட்டம் இருக்கிறது, நீங்கள் கையைப் போட்டு இழுத்துவிடுங்கள். அவ்வளவுதான் நான் சொன்னது.

பெரியவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

"அய்யய்யோ! நானு மூளே கட்டோனு, தாயி!"

மூளையா? எனக்குக் கோபம் வந்தது. "மூளையெல்லாம் அவளுக்கு நல்லாத்தான் இருக்கு சாமி. முட்டுதான் கேடு!"

அவர் பாக்யாவை மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பசுரியா?"

பசியா என்கிறார். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாரே, என்ன கைராசி! "ஆமா சாமி, எப்பவும் பசிதான்! வாரம் பூரா அப்படித்தான். ஞாயித்துக்கெழமை ஓடி முடிக்கிற வரைக்கும் தாங்கிட்டாப் போதும்."

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். ஒரு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "பசுரி ஹுடுகின ஓடிஸ்தாரந்தே!" என்று என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றாத குறைதான். பாக்யா எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "பேடா அம்மா! மாத்தாட பேடி!"

கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரித்துச் சிரித்து, வலி தாங்காமல் கட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?"

"தூத்துக்குடிப் பக்கம். இப்ப ஓசூரு."

"நானும் ஓசூருதான். அக்கா, கன்னடத்துல முட்டுன்னா முழங்கால் இல்ல." காதருகே வந்தாள். "மாசாமாசம் வருமே, அது."

"அப்ப பசுரின்னா?"

"பசி இல்ல. முழுகாம இருக்கறது. அப்படிப்பட்ட பொண்ணை ஓட விடறீங்கன்னுதான் அந்தம்மா கத்தறாங்க."

"மூளே?"

"எலும்பு."

என் கன்னடம் மொத்தமும் அந்த வாசலில் ஒரே நேரத்தில் உயிரை விட்டது. அந்தப் பெண் எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல, மண்ணை வாரப்போன அம்மாள் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டேன்: "ஐது திங்கள்னா திங்கக்கெழமைதானே?"

"மாசம், அக்கா. அஞ்சு மாசம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஐந்து மாதமாக ஒரு பெண்ணுக்கு நின்றுபோயிருக்கிறது. அவள் ஒருத்தியிடம் மட்டும், கதவைப் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒருத்தி நான். அதுவரை நான் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "எங்கட்டி வலிக்கு? தொட்டுக் காட்டு." அவள் முழங்காலைத் தொடவே இல்லை. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் நடுவில், ஒரு விரல் நுனி படுகிற இடத்தைத் தொட்டாள். தொட்டதும் துள்ளினாள்.

திரும்புகிற பஸ்ஸில் பாக்யாவுக்குப் பேச்சு வந்தது. தமிழிலேயே கொட்டினாள்.

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன் அம்மா. மாஸ்டர் கிரவுண்டுல நின்னு கேக்கறாரு. சார் மைக்குல சொல்றாரு. எல்லா ஆம்பளைங்களும் கைதட்டறாங்க! பேக்கிங் பசங்க போர்டு வெக்கறாங்க! தமிழ்க்காரங்களுக்கு வெக்கமே இல்லியான்னு நெனச்சேன்."

"அப்ப முழங்கால்ல எண்ணெ தேச்சேனே, அதுக்கு என்ன நெனச்ச?"

"முழங்கால்ல தேச்சா அது வரும்போல, தமிழ்க்காரங்க வைத்தியம்னு நெனச்சேன்."

ஓசூரில் இறங்கியதும் நேரே ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் கன்னடம் பேசுகிறவர். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, பாக்யாவையே பேசவிட்டேன். கர்ப்பமா, வேறு கோளாறா என்றெல்லாம் முறையாகப் பார்த்து, அதெல்லாம் இல்லை என்று முடிவு செய்தார்கள். சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில் அவள் தொட்டுக் காட்டிய எலும்பில் மயிரிழையாக ஒரு கீறல் தெரிந்தது.

"அரிசி கொறஞ்ச வீட்ல முதல்ல எதை நிறுத்துவீங்கம்மா?" என்று என்னிடம் கேட்டார் டாக்டர்.

"விருந்தை."

"ஒடம்பும் அப்படித்தான். சாப்பிடறது ஓட்டத்துக்கே போயிடுது. மிச்சம் இல்ல. அதனால மாசாமாசம் வர்றதை நிறுத்திடுது. அது நின்னா எலும்புக்கும் காவல் போச்சு. ஓடும்போது எலும்புல சின்னச் சின்ன விரிசல் விழறது எல்லாருக்கும் உண்டு. ஓய்வுல ஒடம்பே அதை அடைச்சிடும். இவளுக்கு அடைக்கச் சரக்கும் இல்ல, ஆளும் இல்ல. இந்தக் காலோட ஞாயித்துக்கெழமை ஓடினா முழுசா ஒடையலாம்."

பாக்யாவின் பக்கம் திரும்பி, "முத்தே தின்னு, முட்டு பருத்தே" என்றார். முத்தே என்றால் நம் களி. களியைத் தின்னு, நின்றது வரும். ஓடுவதை நிறுத்தி, வயிறாரத் தின்று, மற்ற மருந்துகளையும் சரியாக எடுத்தால் எல்லாம் வரும் என்றார். என்னைப் பார்த்து, "சாமிகிட்ட நான் பேசிக்கறேன், இவ விரதம் போதும்" என்றார். அதற்கு அவசியமே இல்லை. நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது என்று எங்கள் சபையே சொல்லியிருக்கிறது. நான்தான் அவளை நோயாளியாகப் பார்க்காமல் புனிதையாகப் பார்த்துவிட்டேன்.

கம்பெனிக்கு வந்தால் மாஸ்டரும் எச்.ஆர். சாரும் காத்திருந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மாஸ்டர் வாங்கிப் படித்தார்.

"ஒரு மூணு கிலோமீட்டர் மேடம்" என்றார் மாஸ்டர். "பல்லைக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சிடும். அது நிக்கறது ஓடற பொண்ணுங்களுக்கு சகஜம். ஒரு விதத்துல நல்லது, பிராக்டிஸ் கெடாது."

"எது நிக்கறது? முட்டுதானே?" என்றார் எச்.ஆர். சார்.

ஆண்களிடம் இந்தப் பேச்சை நான் அதுவரை பேசியதில்லை. மாதாவை நினைத்துக்கொண்டு உடைத்துச் சொன்னேன். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் சொன்னேன். சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான்... மைக்குல என்னம்மா சொன்னேன்?"

"கம்பெனியோட முட்டுன்னு சொன்னீங்க, சார்."

"அந்த பிளெக்ஸை மொதல்ல எறக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆனால் சாரும் மாஸ்டரும் எனக்குப் பெரிய தடை இல்லை. பாக்யாதான். ஓட்டத்துக்கு முந்தின மாலை வந்து நின்றாள். "நானு ஓட்தீனி, அம்மா..."

"தமிழ்ல சொல்லு. என் காதை நான் இப்ப நம்புறதில்ல."

"நான் ஓடறேன். ஓடலைன்னா வேலை போயிடும். வேலை போனா அந்த ஆளோட கல்யாணம். ஓடினா காலுதானே போகும்?"

இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குப் பதில் சொல்லித் தரமாட்டார்கள். வார்டன் கையெழுத்து இல்லாமல் கேட் திறக்காது, என்னிடம் இருந்த அதிகாரம் அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போடவில்லை. "உன் வேலைக்கு நான் சார் கால்ல விழுந்தாவது கேக்கேன். ஒடஞ்ச காலுக்கு நான் யார் கால்ல விழ?" என்றேன். அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். நான் செய்தது சரியா என்று ஜெபமாலையை உருட்டி உருட்டிப் பார்த்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, என் அறையில் ராகிக் களி கிண்டினேன். தூத்துக்குடிக்காரி கிண்டிய களி எப்படி இருக்கும்? பாதி கட்டி, பாதி கஞ்சி. ஓட்டம் நடக்கிற நேரம். பாக்யா வாசலில் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தையே பார்த்தாள். பொறுக்க முடியாமல், நான் கிண்டிக்கொண்டிருந்த துடுப்பில் கையை வைத்தாள்.

"பிடி, அம்மா! பிடி!"

நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பிடி! பிடி!" அவள் இழுக்க, நான் இன்னும் இறுக்கிப் பிடிக்க, களி சுவரில் தெறித்தது.

"பிடிச்சுக்கிட்டுத்தானட்டி இருக்கேன்!"

அவள் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கன்னடத்தில் அப்படிச் சொன்னால் விடு என்று அர்த்தமாம். துடுப்பை விட்டேன். அவளே வேறு மாவு போட்டு, கட்டி இல்லாமல் கிண்டி, உருண்டை பிடித்து, கீரைக் குழம்பு ஊற்றி இரண்டு உருண்டை தின்றாள். எங்கள் கம்பெனி அன்றைக்குக் கடைசியில் வந்தது.

வேலை விஷயம் கேட்பீர்கள். சார் காலில் விழத் தயாராகத்தான் போனேன். விழ விடவில்லை. முதலில் டிரெயினிக் காலத்தை நீட்டித்தார். வருஷப் பாதியில் நிரந்தர உத்தரவே கொடுத்துவிட்டார். "அந்தப் பொண்ணைப் பாத்தாலே மைக் ஞாபகம் வருதும்மா. வருஷா வருஷம் கூப்பிட்டு எதிர்ல உக்காரவெச்சுப் பேச என்னால ஆகாது. நிரந்தரமாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். கோப்பையால் கிடைக்காதது கூச்சத்தால் கிடைத்தது. ஆண்டவருடைய வழி எதுவென்று யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பிள்ளைகளே, உங்கள் விடுதியில் ஓடுகிற, குதிக்கிற, பந்தடிக்கிற பெண்கள் இருப்பார்கள். வலி என்று வந்தால் எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாதம் ஒழுங்காக வருகிறதா, வயிறாரச் சாப்பிடுகிறாயா என்று, அவளுக்கு வருகிற மொழியில், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். நின்றுபோனது வசதி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவளைக் கூப்பிடுங்கள். தெரியும் என்று நினைப்பு இருந்தால் கட்டாயம் கூப்பிடுங்கள்.

செப்டம்பரில் மாதா பிறந்தநாள் வந்தபோது பாக்யா வலியில்லாமல் நடந்து, மெதுவோட்டம் தொடங்கியிருந்தாள். வெள்ளிக் காலைக் கொண்டுபோய்ச் செலுத்தினேன். பீடத்தில் வைக்கும்போதுதான் கவனித்தேன். முழங்காலுக்குக் கீழே, அவள் விரல் வைத்துக் காட்டிய இடமும் அதில் இருந்தது. நான் முட்டு மட்டும் கேட்டபோது கடைக்காரர் வாயால் முழுக்கால் என்று சொல்லவைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம். கேன்டீனில் ஷிப்ட் மாறுகிற கூட்டம். எச்.ஆர். சார் ஒரு மேஜையில், மாஸ்டர் ஒரு மேஜையில், பேக்கிங் பையன்கள் வரிசையில். பாக்யா அந்தக் கோடியிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பாதி வழியிலேயே கத்தினாள்.

"அம்மா! முட்டு பந்த்து! முட்டு வந்துடுச்சு!"

எச்.ஆர். சார் தட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். பேக்கிங் பிரிவில் யாரோ ஒருவன் கைதட்டத் தொடங்கினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பாதிப் பேருக்கு எதற்கென்று தெரியாது. தெரிந்த கன்னடப் பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று தட்டினார்கள். நடுவில் நின்ற பாக்யா, முகத்தைப் பொத்தாமல், எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இன்னொரு உருண்டை களி வாங்க வரிசைக்குப் போனாள்.